களி டிபனில் சேராது

ஓசூரை ஒட்டிய ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் நடத்துகிறேன். அது பொதுத்தாள். வணிகவியல், வரலாறு, இயற்பியல், மனையியல் என்று எல்லாத் துறைக்காரர்களும் ஒரே அறையில் வந்து உட்காருவார்கள். ஒருவர் பாடம் இன்னொருவருக்குத் தலைகால் புரியாது. ஆனால் காரணம் கண்டுபிடிக்கும் அவசரத்தில் மட்டும் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வணிகவியல் மாணவர் ஒருவர், மேம்பாலம் திறந்த பிறகு கடைத்தெருவில் வியாபாரம் கூடிவிட்டது, ஆகவே மேம்பாலமே காரணம் என்று எழுதிக்கொண்டு வந்தார். பாலம் திறந்தது தீபாவளிக்கு முந்தின வாரம் என்பதை நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. இயற்பியல் மாணவி, கோட்டில் விழாத புள்ளிகளையெல்லாம் நீக்கிவிட்டு, கோடு எவ்வளவு நேராக வந்திருக்கிறது பாருங்கள் என்று பெருமையாகக் காட்டினாள். வரலாற்று மாணவர் ஒரு மலையடிவாரத்தில் பழைய குடியிருப்பே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அங்க எதுவும் கிடைச்சதில்ல மேடம்."

"யாராவது தேடினாங்களா?"

"இல்ல மேடம். யாரும் தேடினதில்ல."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வரும், வந்தால் வாய் சும்மா இருக்காது. 'இல்லை' ஒரு சொல், 'தெரியாது' வேறு சொல், தமிழில் இரண்டும் தனித்தனியாக இருப்பதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன்.

பாடத்தின் கடைசியில் ஒரு பிழை வரும். ஒரு வாதம் ஓட்டை என்று தெரிந்தவுடன் அதன் முடிவும் பொய்தான் என்று எண்ணிவிடுவது. பருவம் முடியப் போகும் நேரத்தில் வருவதால் அதை அவசர அவசரமாகத்தான் நடத்துவேன். ஜோசியர் இன்று மழை வரும் என்கிறார், ஜோசியத்தில் உங்களுக்கு நம்பிக்கை இல்லை, அதற்காகக் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நனைந்துதான் வருவீர்கள் என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என் கணவர் கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் தெலுங்கு. வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். நாளெல்லாம் கேஜ் என்ற அளவுக்கருவியை வைத்துப் பீஸ்களை அளந்து, மயிரிழை கூடினாலும் ஒதுக்கிப் போடுவதுதான் வேலை. நான் திருச்சிப் பக்கம். எங்கள் வீட்டில் காலையில் இட்லி வேகும் வாசனை வராவிட்டால் விடிந்ததாகவே அர்த்தமில்லை. இவருக்கு விடிவதற்கு முன்பே ராகிக் களி வேண்டும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் நாட்களில் தானே எழுந்து, முந்தின நாள் சாம்பாரைச் சுட வைத்து, களியைக் கிண்டி உருட்டி விழுங்கிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவார். நான் கண்ணைத் திறக்கும்போது சட்டி ஊறிக்கொண்டிருக்கும்.

கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து ரிசல்ட் தாள் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லையைத் தாண்டி நன்றாகவே மேலே நின்றது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே மருத்துவரைப் பார்க்கவும் என்று ஒரு வரி.

எனக்குப் பயம் வந்தது. காரணம், என் மாமனாரின் கால். எங்கள் கல்யாணத்தில் அவர் ஒரு காலில் மட்டும்தான் செருப்புப் போட்டிருந்தார், இன்னொன்றில் துணிக்கட்டு. ரோஜாத் தோட்டத்தில் முள் குத்தியது, ஆற நாளாகிறது என்றார்கள். அது ஆறவேயில்லை. முதலில் விரல் போனது, பிறகு முழங்கால் வரை போனது, அதன் பிறகு அவரும் அதிக நாள் இருக்கவில்லை.

"உங்கப்பாவுக்கு இருந்தது சுகரா இருக்குமோ?" என்று கேட்டேன்.

"அது முள்ளு குத்துனதும்மா. எங்க வூட்ல யாருக்கும் சுகர் கெடையாது. களி திங்கறவனுக்கு எங்கிருந்து சுகர் வரும்? கேம்ப்ல ஃபாரத்துல கூட கேட்டாங்க, குடும்பத்துல உண்டான்னு. இல்லன்னுதான் எழுதிக் குடுத்தன்."

டாக்டரிடம் போகலாம் என்றேன். அடுத்த வாரம் என்றார். அந்த வாரம் முழுவதும் நான் அவரை வேவு பார்த்தேன். இரண்டாவது தடவை தண்ணீர் குடித்தால் மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். பைக் சாவியைத் தேடினால் பார்வை மங்குகிறது என்று நினைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் கண்ணயர்ந்தால் அதற்கும் ஒரு கோடு போட்டேன். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்த மனிதர் கண்ணயரத்தான் செய்வார். அதெல்லாம் அப்போது என் புத்தியில் ஏறவில்லை. எதைத் தேடுகிறோமோ அதுவே கண்ணில் படும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள்தான் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே, "டிபன் சாப்பிடலையே நீங்க?" என்றேன்.

"இல்ல."

கழுவுவதற்காகக் கையை நீட்டினால், தொட்டியில் களிச்சட்டி ஊறிக்கொண்டிருந்தது.

"களி சாப்பிட்டிருக்கீங்க."

"ஆமா. எப்பவோ சாப்ட்டன்."

"டிபன் சாப்பிடலைன்னீங்க?"

"நீ டிபன்தான கேட்ட? களி எப்படி டிபன் ஆவும்? அது ஊட்டா. சாப்பாடு."

கரண்டியை வைத்துவிட்டேன். இந்த ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் கேட்பதே அதுதான். தமிழில் டிபன் ஆச்சா, தெலுங்கில் டிபன் அயிந்தா, கன்னடத்தில் திண்டி ஆய்தா. திண்டி வேறு, ஊட்டா வேறு. கேம்புக்கு முந்தின நாள் அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். காலை டிபன் சாப்பிடாமல் வரவும் என்று எழுதியிருந்ததாம். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கேன்டீன்ல எட்டு மணிக்கு டிபன் போடுவாங்க. அன்னிக்கு வெண்பொங்கல். போவல. ரத்தம் எடுக்கற பொண்ணு டிபன் ஆச்சாண்ணான்னு கேட்டுச்சு. இல்லன்னன்."

"களி?"

"அது வூட்லயே ஆச்சே."

நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. அவர் பயந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். வயிறு நிறையக் களியை உருட்டிப் போட்டுக்கொண்டு போய் வெறும் வயிற்றுச் சோதனைக்குக் கையை நீட்டியிருக்கிறார் மனிதர். பின்னே, சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? எனக்கு உயிர் வந்தது. அப்படியொரு நிம்மதியைப் பிள்ளை பெற்ற அன்றுகூட நான் அடைந்ததில்லை.

அன்றைக்கே எனக்கு இன்னொன்றும் விளங்கியது. என்னிடம் ஆராய்ச்சி செய்யும் ராயக்கோட்டைப் பெண் ஒருத்தி, மனையியல் துறை. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு முற்பகலில் வரும் தலைச்சுற்றல் அவளுடைய தலைப்பு. காலை டிபன் சாப்பிடுவீர்களா என்பது அவளுடைய கேள்விகளில் ஒன்று. இல்லை என்றவர்களுக்குத் தலைச்சுற்றல் குறைவாகவும் ஆம் என்றவர்களுக்கு அதிகமாகவும் வந்திருந்தது. பட்டினி கிடந்தால் தெம்பாக இருக்கலாம் என்றா எழுதப் போகிறாய், வீட்டில் உட்கார்ந்து நீயே டிக் அடித்தாயா என்று அவளை வகுப்பில் வைத்தே கேட்டிருந்தேன். பாவம், தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் களிக்கதையைச் சொன்னேன். அவளும் களி சாப்பிட்டு வளர்ந்தவள்தான். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் அப்படித்தான் மேடம் சொல்லுவோம். கேள்வி எழுதும்போது மட்டும் படிச்சவளா ஆயிட்டேன்" என்றாள். இல்லை என்றவர்களிடம் மறுபடி போய், வீட்டிலிருந்து கிளம்பும் முன் வாயில் எது போட்டாலும் சொல்லுங்கள் என்று கேட்டு வருவதாகச் சொன்னாள். நான் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தேன். இரண்டு முடிச்சையும் ஒரே களி உருண்டையால் அவிழ்த்துவிட்ட பெருமிதம் எனக்கு.

டாக்டரிடம் நாங்கள் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? சோதனையே தப்பு என்று தெரிந்துவிட்டதே. ரிசல்ட் தாளைக் குக்கர் வாரண்டி அட்டையோடு சேர்த்து அலமாரியில் போட்டேன். மாம்பழக் காலம் வந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்து, இத்தனை நாள் பயந்ததற்கெல்லாம் சேர்த்து நானே அறுத்து அறுத்து அவர் தட்டில் வைத்தேன். சாறு முழங்கையில் வழிய அவர் சாப்பிடுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வாரண்டி அட்டை இருந்த பக்கம் என் கண் போகாது. போகாமல் நானே பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

அவர் தண்ணீர் குடிப்பது குறையவில்லை. வெயில் காலம் என்று சொல்லிக்கொண்டேன். சட்டை கழுத்தில் தொளதொளத்தது. கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று அவரே சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது. எந்தக் காரணமும் பொய்யில்லை. வெயில் அடிக்கத்தான் செய்தது.

மழை தொடங்கிய வாரத்தில் காலைத் தாங்கித் தாங்கி வந்தார். கம்பெனியில் புது சேஃப்டி ஷூ கொடுத்திருக்கிறார்களாம்.

"புது ஷூ இல்லியா, கடிச்சிருக்குது. ரெண்டு நாள்ல செட் ஆயிடும்."

கட்டை விரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம். மருந்து தடவினேன். அது உடைந்தது. உடைந்த இடம் காயவில்லை. ஷூ தினமும் உராய்ந்தால் எப்படிக் காயும் என்றேன் நானே. இந்த முறை என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. முள் குத்தியது, ஆற நாளாகிறது என்று கல்யாணத்தில் யாரோ சொன்ன அதே தொனி அதில் இருந்தது. உடனே வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ராயக்கோட்டைப் பெண் மறுபடி கேட்ட விவரங்களோடு வந்தாள். உத்தனப்பள்ளி வரைக்கும் பஸ் மாறி மாறிப் போய் வந்ததில் கறுத்துப் போயிருந்தாள். நாங்கள் நினைத்தது சரி. டிபன் இல்லை என்றவர்களில் பெரும்பாலானவர்கள் களியோ பழையதோ சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார்கள்.

"அப்புறம் என்ன?" என்றேன் உற்சாகமாக. "பட்டினி கிடந்தா நல்லதுன்னு வந்த முடிவு பொய்யின்னு ஆயிடுச்சு. காலையில சாப்பிட்டா தலை சுத்தாது. எழுதி முடி."

அவள் தயங்கினாள். என்னிடம் எதிர்த்துப் பேச எல்லோரும் தயங்குவார்கள்.

"அப்படி எழுத முடியாது மேடம். எதுவுமே சாப்பிடாதவங்கன்னு மிச்சம் இருக்கிறது ரொம்பக் கொஞ்சம் பேர். அவங்கள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியல. தலை சுத்துதுன்னு வேலையை விட்டுட்டுப் போனவங்கள நான் பார்க்கவே இல்ல, அவங்க என்ன சாப்பிட்டாங்கன்னும் தெரியாது."

"அதான் கேள்வியே தப்புன்னு கண்டுபிடிச்சுட்டோமே?"

"கேள்வி தப்புன்னுதான் மேடம் தெரிஞ்சுது. பதில் என்னன்னு இன்னும் தெரியலையே."

அவள் ஆய்வைப் பற்றித்தான் சொன்னாள். என் காதில் விழுந்தது வேறு. பருவக் கடைசியில் அவசர அவசரமாக நடத்திவிட்டுப் போகும் அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. ஜோசியரும் மழையும் குடையும். நான் அந்தக் குடையைக் குக்கர் வாரண்டி அட்டையோடு அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். அவளிடம் என்ன சொல்லி அனுப்பினேன் என்று ஞாபகமில்லை. மதிய வகுப்பை எடுக்க முடியவில்லை. பாதியில் கிளம்பிவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்வரை வாசலிலேயே நின்றேன். சாக்ஸ் புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தார். முகத்தில் வலியே தெரியவில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

"வலிக்கலையா?"

"இல்ல. அவ்ளோ ஒண்ணும் இல்ல."

"நாளைக்குக் காலையில லேபுக்குப் போறோம்."

"என்னாத்துக்கு? அன்னிக்கு களி சாப்ட்டுட்டுப் போனன், அதனால ஏறுச்சுன்னு நீதான சொன்ன? இப்ப திரும்ப முதல்லேருந்தா?" சிரித்தார். "கேள்வித்தாள் கையில வெச்சிக்கினே சுத்தறவளக் கட்டிக்கினா இப்படித்தான்."

வழக்கமாக அந்தக் கேலிக்கு நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அன்று அவர் வேலையையே எடுத்தேன்.

"ஒண்ணு கேக்கறேன். ஒரு பீஸை அளந்து ரிஜெக்ட் பண்றீங்க. அப்புறம் பார்த்தா கேஜே தப்பு. அந்தப் பீஸை என்ன செய்வீங்க? ஓகேன்னு போட்டு அனுப்பிடுவீங்களா?"

"அதெப்படி அனுப்பறது? வேற கேஜ்ல மறுபடி அளப்பன்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். கையிலிருந்த சாக்ஸைப் பார்த்தார். மறுநாள் காலை களிச்சட்டி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது.

லேபில் இருந்த பெண் ஊசியைப் பிரித்துக்கொண்டே வழக்கம்போல, "டிபன் ஆச்சாண்ணா?" என்றாள்.

"டிபனும் ஆவல. களியும் ஆவல. பழையதும் இல்ல. தண்ணி மட்டும்" என்றார் ஒவ்வொன்றாக.

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "சரிங்கண்ணா. இதோட மூணு மாச சர்க்கரைச் சராசரியும் சேர்த்துதான் எடுக்கறோம். அதுக்கு சாப்ட்டுட்டு வந்தாலும் ஒண்ணும் ஆவாது."

எனக்குச் சுருக்கென்றது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மாறாத சோதனை ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. களி விஷயம் வெளிவந்த மறுநாளே அதைச் செய்திருக்கலாம். பெட்டி நிறைய மாம்பழம் வாங்குவதற்கு முன்பே செய்திருக்கலாம். ரிசல்ட் வரும்வரை லேப் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே சரக்கு லாரிகள் பெங்களூர்ப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் லாரி நம்பர்களைப் படித்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாத தெய்வமில்லை.

இரண்டு சோதனையும் ஒன்றையே சொன்னன. சர்க்கரை இருக்கிறது. இன்று நேற்று வந்ததில்லை.

டாக்டர் வயதில் எங்களைவிடச் சிறியவர். தாளைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவர் காலைத் தன் முழங்காலில் தூக்கி வைத்துப் பார்த்தார். ஒரு மெல்லிய நூலால் பாதத்தில் இங்குமங்கும் தொட்டு, தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். சில இடத்தில் தெரிந்தது. சில இடத்தில் அவர் தொட்டுக்கொண்டிருக்கும்போதே இவர், "தொடுங்க டாக்டர்" என்றார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புண் எலும்பு வரைக்கும் போகல. காப்பாத்திடலாம். ஆனா இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா என்னால இப்படிச் சொல்லியிருக்க முடியாது" என்றார் டாக்டர். ஷூ போடக் கூடாது, தினம் வந்து கட்டுப் போட வேண்டும், மாத்திரை இன்றைக்கே தொடங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போனார். எழுதுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"வீட்ல யாருக்காவது சுகர் இருந்துச்சா? அப்பா, அம்மா?"

இந்தக் கேள்விக்கு அவர் பதில் எனக்கு மனப்பாடம். எங்க வூட்ல யாருக்கும் கெடையாது. நான் குறுக்கே புகுந்து பேச வாயைத் திறந்தேன். அவர் டாக்டரின் முழங்காலில் கிடந்த தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தெரியாதுங்க டாக்டர்" என்றார். "எங்கப்பாவுக்கு யாரும் பார்த்ததில்ல. முள்ளு குத்துனதுன்னே நெனச்சிக்கினு இருந்துட்டோம்."